மோரி வாசனை

அக்கா முதலில் முகத்தைப் பார்க்கமாட்டாள். துணியைப் பார்ப்பாள்.

யார் வந்தாலும் அப்படித்தான். வாசலில் நிற்கும்போதே அவள் கண் தோளிலிருந்து கால் வரைக்கும் ஒரு முறை இறங்கும். அதற்குப் பிறகுதான் வா, உட்காரு எல்லாம்.

"காலைல புளிக்குழம்பா?"

"உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"முந்தானை சொல்லுதே."

இருபத்திரண்டு வருஷம் கார்மெண்ட்ஸில் கறை எடுத்தவள். ஓசூர் தாண்டிக் கன்னடப் பக்கம், பொம்மசந்திராவில் எங்கள் கம்பெனியில் தைத்து முடித்த சட்டையில் மெஷின் எண்ணெய் பட்டிருக்கும். பேனா மை பட்டிருக்கும். ஊசி குத்திய விரலின் ரத்தம் பட்டிருக்கும். எல்லாம் அக்காவின் மேஜைக்கு வரும். அவள் கையில் துப்பாக்கி மாதிரி ஒன்று இருக்கும். அழுத்தினால் கெமிக்கல் பீய்ச்சும். கறை போய்விடும், சட்டை வெளிநாட்டுக்குப் போய்விடும். கெமிக்கலின் வாசனை அக்காவிடம் தங்கிவிடும். பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் பெயிண்ட் அடிக்கிற வேலையா என்று கேட்பார்கள். எல்லோருக்கும் அவள் ஸ்பாட் அக்கா. சொந்தப் பெயர் ஐடி கார்டில் மட்டும் இருந்தது.

என்னை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டது அக்காதான். புருஷன் செத்த பிறகு இரண்டு வயதுக் குழந்தையோடு காவேரிப்பட்டணத்திலிருந்து வந்தேன். வரிசையாக ஆறு வீடு, ஒரே தண்ணீர்த் தொட்டி. அக்கா வீட்டுக்கு அடுத்த வீடு எனக்குக் கிடைத்தது. மூன்றாம் நாள் என்னைக் கூட்டிக்கொண்டு போய் சூப்பர்வைசர் முன்னால் நிறுத்தினாள்.

"இவ கை சுத்தம் சார். நான் சொல்றேன்."

செக்கிங்கில் போட்டார்கள். என் கை சுத்தம் என்று அக்கா சொன்ன அந்தச் சொல்லில்தான் பதினோரு வருஷமாகச் சாப்பிடுகிறேன்.

கறையைப் பற்றி அவளுக்கு ஒரு பேச்சு உண்டு. "மேல தேய்ச்சா பரவும்டி. துணியத் திருப்பு. பின்னால இருந்து தள்ளு."

துணிக்கு மட்டும் இல்லை. மனிதர்களிடமும் அவள் அப்படித்தான். எதையும் யாரிடமும் நேராகக் கேட்டு நான் பார்த்ததில்லை. லீவு வேண்டுமென்றால் லீவு கேட்கமாட்டாள். சூப்பர்வைசரின் அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்பாள். ஐந்தாவது பேச்சில் லீவு வந்துவிடும்.

ஓசூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளையின் அம்மா பட்டுப்புடவையில் சாம்பார் கொட்டிவிட்டது. பரிமாறியது பெண் வீட்டுப் பையன். அந்த அம்மா, வேண்டுமென்றே கொட்டினார்கள் என்று ஆரம்பித்து, போட்ட நகை சரியில்லை என்பது வரைக்கும் போய்விட்டாள். பெண்ணின் அப்பா கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். அக்கா எழுந்து போனாள். சமாதானம் பேசவில்லை.

"இந்தக் கலர் எங்கம்மா எடுத்தீங்க? எனக்கு இப்பிடி ஒண்ணு அமையலியே."

அந்த அம்மாவைக் கை கழுவும் இடத்துக்கு நகர்த்திக்கொண்டு போய்விட்டாள். முந்தானையைத் திருப்பிப் போட்டு, யாரிடமோ முகப்பவுடர் வாங்கிக் கொட்டி, ஒத்தி எடுத்தாள். திரும்பி வரும்போது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

"என்னாக்கா பண்ண?"

"கறையத்தான் எடுத்தேன். கோவமும் அதோட போயிடுச்சு."

ஐம்பத்தெட்டு வயது முடிந்ததும் அக்காவைக் கம்பெனியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அடுத்த திங்கட்கிழமை காலையில் நான் பஸ் ஸ்டாப்புக்குப் போனால் அக்கா நிற்கிறாள். கையில் டிபன் பாக்ஸ்கூட இருந்தது.

"எங்கக்கா போற?"

"சும்மாதான். கால் தானா நடந்து வந்துடுச்சு."

இரண்டு மாதம் அவள் சரியாகவே இல்லை. தலைவலி, தூக்கம் இல்லை, யார் பேசினாலும் எரிச்சல். அவள் மகள் ஆனேக்கல்லில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருந்தாள். அங்கே போய் இருக்கச் சொன்னால், "மருமகன் வீட்டுல எத்தன நாளு?" என்பாள். ஒருநாள் என்னிடம் சொன்னாள். "இருபத்திரண்டு வருஷம் அந்த வாசனைலயே இருந்துட்டேன்டி. இப்ப காத்து வெறும் காத்தா இருக்கு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் பேத்தியின் கவுனை எடுத்துக் காட்டினாள். கிரீஸ் பட்டிருந்தது. கம்பெனிக் கெமிக்கல் கொஞ்சம் இருந்தால் போய்விடும் என்றாள். கொண்டு வா என்று சொல்லவில்லை. கவுனை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

டிபன் பாக்ஸில் சாம்பாருக்கு ஒரு சின்னக் கிண்ணம் உண்டு, மூடி இறுக்கமானது. அதில் கொண்டு வந்தேன். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி அம்மா மேல் தட்டை மட்டும்தான் திறந்து பார்ப்பாள்.

முதல் தடவை கறைக்கு. இரண்டாம் தடவையும் கறைக்கு. மூன்றாம் தடவை கறையைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை.

ஒருநாள் கூப்பிடாமல் உள்ளே போய்விட்டேன். அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடித்த கைக்குட்டை மூக்கருகில். கண் பாதி மூடி இருந்தது. என்னைப் பார்த்து மெதுவாகச் சிரித்தாள்.

"ஏன் அப்பிடி பாக்குற? குடிக்கிறேனா? பீடி புடிக்கிறேனா? வெத்தலைகூட போடமாட்டேன். வாசனைதானடி."

எனக்கும் அப்படித்தான் பட்டது. குடிக்கிறவனை எங்கள் வரிசையில் எல்லோருக்கும் தெரியும். என் புருஷன் குடித்தே செத்தவன். குடி என்றால் சத்தம் இருக்கும், அடி இருக்கும். இது மூடிய கதவுக்குள் ஒரு பொம்பளை கைக்குட்டையை மோந்துகொண்டு உட்கார்ந்திருப்பது. இதைப் பழக்கம் என்றுகூட எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது இருந்தால் அக்கா பேசுவாள். சூப்பர்வைசர் மாதிரி நடந்து காட்டுவாள். நாள் முழுக்க நின்று காலெல்லாம் மரத்துப்போய் வருகிறவளுக்கு அந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது. அது இல்லாத நாளில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். நான் என் வீட்டுக்குப் போய்விடுவேன். அதனால் அவளுக்காக மட்டும் கொண்டு வந்தேன் என்று என்னால் சொல்ல முடியாது.

இரண்டு வருஷத்தில் ஒவ்வொன்றாக வந்தது. மூக்குக்குக் கீழே தோல் சிவந்து உரிந்தது. டம்ளர் கையிலிருந்து நழுவியது. பாதம் எரிகிறது என்று ஈரத்துணி சுற்றிக்கொண்டாள். நடக்கும்போது காலை அகட்டி வைத்தாள். பேத்தியின் பெயர் ஒருநாள் அவளுக்கு வரவில்லை. அடுப்பில் குழம்பு தீய்ந்து புகை எழும்பியது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், தெரியவில்லை. புளிக்குழம்பா என்று கேட்டவளுக்குத் தீய்ந்த வாசனை எட்டவில்லை.

எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். "அறுபது ஆச்சில்ல. இனி அப்பிடித்தான்." பிபி மாத்திரை ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதனால் தலைசுற்றலுக்குக் காரணம் பிபி. கால் எரிச்சலுக்குக் காரணம் வயசு. நானும் அதையே சொன்னேன். எனக்கு மட்டும் இன்னொரு காரணம் தெரிந்திருந்தது.

ஒரு தடவை பாதித் தண்ணீர் கலந்து கொடுத்தேன். இருமல் மருந்துக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி அக்கா ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். இரண்டும் சேரவில்லை. நடுவில் கோடு போட்ட மாதிரி தனித்தனியாக நின்றது.

"யார்கிட்டடி? இருபத்திரண்டு வருஷம்டி."

"உனக்கு ஒத்துக்கலக்கா. விட்டுடு."

"சரி விட்டுட்டேன்" என்றாள் உடனே. பிறகு, "உம் மகளுக்கு யூனிபார்ம்ல மை பட்டுதுன்னியே, எடுத்துக் குடுத்துட்டேன், அங்க தொங்குது பாரு" என்றாள். வெள்ளைச் சட்டை கொடியில் புதுசு மாதிரி தொங்கியது. மறுநாள் தண்ணீர் கலக்காமல் கொண்டு வந்தேன்.

போன வருஷம் மாசி மாதம், ஒரு ஞாயிறு காலை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அக்கா விழுந்துவிட்டாள். ஆட்டோவில் போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அக்காவின் மகளும் வந்து சேர்ந்தாள். நான் அவள் அம்மாவை அக்கா என்பதால் அவள் என்னைச் சித்தி என்பாள்.

டாக்டர் சின்ன வயது. கன்னடக்காரர். நெஞ்சில் வயர்களை ஒட்டிப் பார்த்தார். துடிப்பு தாறுமாறாக ஓடுகிறது, பிபி மட்டும் இப்படிச் செய்யாது என்றார். குடிப்பார்களா, பீடி உண்டா, புகையிலை உண்டா என்று கேட்டார்.

"எங்கம்மாவுக்கு வெத்தலைகூட இல்ல சார்" என்றாள் மகள், கன்னடத்தில். அதில் ஒரு பெருமை இருந்தது.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். கூட வேலை செய்தவள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். "பேரெ ஏனாதரு அப்யாச இதெயா?" வேறு ஏதாவது பழக்கம் உண்டா என்றுதான் கேட்டார். நேரான கேள்வி.

அக்கா கட்டிலிலிருந்து என்னைப் பார்த்தாள்.

அதற்கு முந்தின மாதம்தான் கம்பெனி கேட்டில் ஒருத்தியின் பையில் ஒரு நூல்கண்டு சிக்கியது. அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். அவளை வேறு எந்தக் கம்பெனியும் எடுக்கவில்லை. என் மகள் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள்.

"வாசனெ சார்" என்றேன்.

"வாசனெனா? மனெயல்லா?" வீட்டிலா என்று கேட்டார்.

"ஹௌது சார்." ஆமாம் என்றேன்.

"மோரி வாசனெனா?"

மோரி என்றால் சாக்கடை. நாங்களும் தமிழில் பேசும்போது மோரி என்றுதான் சொல்வோம். நான் தலையாட்டினேன்.

டாக்டர் ஏதோ எழுதினார். மோரியைச் சுத்தம் பண்ணுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றார். துடிப்புக்கு மாத்திரை கொடுத்தார்.

தமிழில் பூவும் வாசனைதான். கன்னடத்தில் வாசனெ என்றால் நாற்றம் என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வார்கள். அது எனக்குத் தெரியும், இத்தனை வருஷம் இங்கே இருக்கிறேன். தெரிந்து அந்தச் சொல்லைச் சொன்னேனா, வாயில் வந்ததைச் சொன்னேனா, இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. தலையாட்டியது தெரிந்துதான்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அக்கா என் காதருகில் சொன்னாள். "மோரின்னா எழுதிட்டாரு? பாவம், படிச்ச புள்ள." குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. மகள் முன் சீட்டிலிருந்து திரும்பி, "என்னாம்மா சிரிப்பு, பயந்தே போயிட்டோம்" என்றாள்.

மகள் இரண்டு நாள் தங்கினாள். பினாயில் வாங்கி வந்து மோரியைக் கழுவினாள். ஆறு வீட்டுக்கும் பொது மோரி அது. முட்டி போட்டு, தென்னந்துடைப்பத்தால், ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் கழுவினாள்.

அதற்குப் பிறகு நான் நிறுத்திவிட்டேன். கேட்டில் சோதனை அதிகமாகிவிட்டது என்று அக்காவிடம் சொன்னேன். அவள் திருப்பிக் கேட்கவில்லை. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கையில் நடுக்கம் இருந்தது. பிறகு மெல்லத் தெளிந்தாள். பேத்தியின் பெயர் சொன்னாள். ஒருநாள் நான் உள்ளே நுழையும்போது, "கருவாடா?" என்றாள். அன்றைக்குக் கருவாடுதான்.

ஆறு வாரம் அப்படிப் போனது.

ஏழாவது வாரம் மகளின் பட்டுப்புடவையை மடியில் விரித்து வைத்திருந்தாள். பச்சை. ஜரிகை பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்.

"ஞாயித்துக்கெழம பேத்திக்குக் காது குத்து. அவ இதத்தான் கட்டணும்னு இருக்கா. எப்பிடிப் பட்டுதோ தெரியல. பவுடர் போட்டுப் பாத்தேன், போவல."

கேட்கவில்லை. ஜரிகையைத் தடவிக்கொண்டே இருந்தாள். கண் கலங்கியிருந்தது. அது நடிப்பு என்று இன்றைக்கும் எனக்குச் சொல்ல முடியவில்லை.

"கறைக்கு மட்டும்தான?" என்றேன்.

"வேற எதுக்குடி?"

வெள்ளிக்கிழமை கொண்டு வந்து கொடுத்தேன்.

சனிக்கிழமை எனக்கு வாரலீவு மாற்றிக் கொடுத்திருந்தார்கள். போர்வெல் காய்ந்து பத்து நாளாகியிருந்தது. தண்ணீர் லாரி எப்போது வரும் என்று தெரியாது, வந்தால் பத்து நிமிஷம்தான் நிற்கும். காலை பத்து மணி இருக்கும். ஹாரன் கேட்டது. அக்கா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. இரண்டு கையாலும் தட்டினேன்.

"அக்கா, தண்ணி லாரி. ஓடியா, போயிடுவான்."

உள்ளே ஏதோ உருண்டது. கதவைத் திறந்து குடத்தோடு ஓடி வந்தாள். கண் எங்கோ இருந்தது. அந்த வாசனை என் முகத்தில் அடித்தது. நில்லு என்று நான் சொல்வதற்குள் பத்தடி ஓடிவிட்டாள். லாரிக்காரன் மறுபடியும் ஹாரன் அடித்தான். அக்கா குடத்தைக் கீழே வைத்தாள். விழுந்த மாதிரி இல்லை, உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. பிறகு சாய்ந்தாள். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். ஏற்கெனவே துடிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவள்தானே.

பொம்பளைகள் வந்து உட்கார்ந்தார்கள். "யாருக்கும் தொந்தரவு குடுக்கல." "ஒரு கெட்ட பழக்கம் உண்டா, சொல்லு." "கறை எடுத்தவ, கறை இல்லாம போயிட்டா." நான் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். பச்சைப் புடவை கொடியில் தொங்கியது. திருப்பிப் பார்த்தேன். எண்ணெய் போன இடம் தெரியவில்லை. கட்டிலுக்கு அடியில் குப்பி கிடந்தது, காலி. யாரும் பார்க்காமல் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்துக் கம்பெனியில் நர்ஸ் அம்மாவிடம் கேட்டேன். நம் கெமிக்கலை யாராவது மோந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று.

"யாரு?"

"சும்மாதான்மா. பக்கத்து வீட்டுல சொன்னாங்க."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மூளை, நரம்பு, கிட்னி, எல்லாத்தையும் மெதுவா கெடுக்கும். ஆனா அதுக்கு முன்னாலயே இதயம் நின்னு போயிடலாம். மோந்த உடனே ஓடினாலோ, திடுக்குனு பயந்தாலோ துடிப்பு தவறிடும். வாலிபப் பசங்களுக்கே அப்பிடி ஆவுது. வயசானவங்க, பிபிக்காரங்கன்னா இன்னும் மோசம். உடனே டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லச் சொல்லு."

"முன்னாடியே சொல்லியிருந்தா பொழைச்சிருப்பாங்களா?"

"அது என்னால சொல்ல முடியாது" என்றார். பிறகு, "பொழைச்சிருப்பாங்களான்னு ஏன் கேக்குற?" என்றார்.

பெல் அடித்தது. லைனுக்குப் போய்விட்டேன்.

கதவைத் தட்டிய இரண்டு கையையும் அன்றைக்கு நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆறுதல் மட்டும் வைத்திருந்தேன். கடைசித் தடவை கறைக்காகக் கொடுத்தேன். கறை இருந்தது, என் கண்ணால் பார்த்தேன், அது போயும் போயிற்று. மிச்சத்தை அவள் என்ன செய்தாள் என்பது அவள் பாடு. அப்படித்தான் வைத்திருந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். மகளும் நானும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். அவளுக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது.

"உங்கம்மா கடைசியா உம் பொடவக் கறைய எடுத்து வெச்சுட்டுத்தான் போச்சு."

"எந்தப் பொடவ?"

"பச்சப் பட்டு. எண்ணெ பட்டிருந்துச்சே."

அவள் கையை நிறுத்தினாள். "அதுல ஏது சித்தி கறை? புதுசு. நான் கட்டவே இல்லியே. ஃபால்ஸ் தைக்கச் சொல்லி அம்மாகிட்ட குடுத்தேன்."

கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

ஒருத்தர் தோளில் கறி மசாலா தெறித்தால் தாங்காதவள். மகளின் புதுப் பட்டில், ஜரிகை ஓரத்தில், தன் கையால் எண்ணெய் ஊற்றியிருக்கிறாள். பிறகு அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்திருக்கிறாள். நான் நேராகக் கேட்டால் கொடுக்கமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். பின்னால் இருந்து தள்ளினாள். கறை மாதிரி நானும் போய்விட்டேன்.

"சித்தி, என்னா கறை?"

கையைத் துடைத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். கவுனிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். சாம்பார்க் கிண்ணம், கைக்குட்டை, தண்ணீர் கலந்தது, ஆஸ்பத்திரி, வெள்ளிக்கிழமை, லாரி. எதையும் திருப்பிப் போடவில்லை. ஒளித்து வைத்திருந்த குப்பியையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன்.

அவள் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. குப்பியை எடுத்து மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். மூடி வைத்தாள். திரும்பி வெளியே மோரியைப் பார்த்தாள்.

"ரெண்டு நாள் முட்டி போட்டுக் கழுவுனேன் சித்தி" என்றாள். "தண்ணிகூட நீதான் மொண்டு மொண்டு குடுத்த."